மென்னிரும்பும் எஃகும்: கைக்கருவி வாங்குவோர், விற்போர், வாங்கித்தர மறுப்போர் ஆகிய மூவருக்கும்



சேலத்திலிருந்து நாமக்கல் நோக்கிச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் இரும்பை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். நாமக்கல்லில் லாரிக் கூண்டு கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள், சங்ககிரியில் லாரித் தொழில், பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிகள். இவற்றில் நம் மஹல்லாக்களின் இளைஞர்கள் ஓட்டுநர்களாகவும் கிளீனர்களாகவும் வெல்டர்களாகவும் ஃபிட்டர்களாகவும் உழைக்கின்றனர். மதரஸாவில் ஓதி முடித்துப் பட்டறைக்குச் சென்றவர்களும் அவர்களுள் உண்டு.

இந்த இளைஞர்களின் இடுப்பிலும் சட்டைப் பையிலும் சில ஆண்டுகளாக ஒரு பொருள் இடம்பிடித்திருக்கிறது. மடக்கினால் உள்ளங்கையில் அடங்கும். விரித்தால் நடுவே கட்டிங் பிளேயர், இரு கைப்பிடிகளுக்குள்ளும் கத்தி, திருப்புளி, அரம், சிறு ரம்பம், டப்பா திறப்பான். இதைத்தான் 'மல்டி டூல்' என்கிறோம். நெடுஞ்சாலையோரப் பெட்டிக்கடைகளிலும், செல்போன் கடைகளிலும், இணைய வணிகத்திலும் சில நூறு ரூபாய்க்கு இது கிடைக்கிறது. பெரும்பாலானவற்றில் உலகப் புகழ் பெற்ற ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அந்நிறுவனத்திற்கும் அப்பொருளுக்கும் எவ்விதத் தொடர்பும் இருக்காது.

இது குறித்துப் பேசும்போதெல்லாம் நம் காதில் விழும் கூற்றுகள் மூன்று. 'இது உலக விவகாரம், ஆலிம்களுக்கு இதில் என்ன வேலை?' என்பது முதலாவது. 'மலிவானதை வாங்குவதே எளிமை, மார்க்கம் அதைத்தானே விரும்புகிறது?' என்பது இரண்டாவது. 'பட்டறைக்கு வரும் பையனுக்கு இது ஒன்று போதும், தனியே கருவிப் பெட்டி எதற்கு?' என்பது மூன்றாவது. மூன்றும் தவறு என்பதே நமது நிலைப்பாடு. மூன்றாவது கூற்று தவறு மட்டுமன்று, அநீதியும் ஆகும்.

முதற்கூற்று: இது மார்க்கத்தின் வேலையா?

திருக்குர்ஆனில் 'இரும்பு' என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயம் உண்டு. 57ஆம் அத்தியாயமாகிய அல்ஹதீதின் 25ஆம் வசனத்தில், அல்லாஹ் தூதர்களையும் வேதத்தையும் நீதியின் தராசையும் அருளியதைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் இரும்பை அருளியதையும் சொல்கிறான். அதில் கடும் வலிமை இருப்பதையும் மக்களுக்கான பயன்கள் இருப்பதையும் நினைவூட்டுகிறான். வேதமும் தராசும் இரும்பும் ஒரே வசனத்தில் வருகின்றன. தராசை மறந்துவிட்டு இரும்பை விற்பவர் அவ்வசனத்தின் பாதியைத் துண்டித்தவராவார்.

நபி தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததை 34ஆம் அத்தியாயம் கூறுகிறது. அத்துடன் நிற்கவில்லை. கவசங்களை முழுமையாகச் செய்யுமாறும், அவற்றின் வளையங்களைச் சரியான அளவோடு இணைக்குமாறும் அவர்களுக்குக் கட்டளை பிறக்கிறது. அரசராகவும் நபியாகவும் இருந்தவருக்கு வளையத்தின் அளவைக் குறித்து வஹீ வருகிறது என்றால், ஒரு கருவியின் தரம் மார்க்கத்துக்கு அப்பாற்பட்டது என்று எவ்வாறு சொல்ல முடியும்? தம் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவு இல்லை என்பதற்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எடுத்துக்காட்டியதும் தாவூத் (அலை) அவர்களையே. இதை மிக்தாம் (ரலி) அவர்களின் அறிவிப்பாகப் புகாரியில் காண்கிறோம்.

நபித்தோழர் கப்பாப் இப்னுல் அரத் (ரலி) அவர்கள் மக்காவில் கொல்லுத் தொழில் செய்தவர்கள். பெருமானாரின் மகன் இப்ராஹீமுக்குப் பாலூட்டிய செவிலித்தாயின் கணவர் அபூ ஸைஃப் அவர்களும் கொல்லரே. உலையின் புகை சூழ்ந்த அவ்வீட்டிற்கு அண்ணலார் சென்று தம் மகனை அள்ளி முத்தமிட்ட செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. இரும்புத் தொழில் நம் வரலாற்றின் திண்ணையில் உட்கார்ந்திருந்த தொழில் அன்று, வீட்டினுள்ளே இருந்த தொழில்.

பின்வந்த அறிஞர்களும் இதைத் தம் வேலையாகவே கருதினர். தத்துவ அறிஞர் அல்கிந்தி, ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலேயே வாள்களின் எஃகு வகைகளைப் பிரித்தறிவது பற்றித் தனி நூல் எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஷ்ஷைஸரீ, சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிப்களுக்காக 'நிஹாயத்துர் ருத்பா' எனும் கையேட்டை இயற்றினார். அதில் கொல்லர்களுக்கு அவர் விதிக்கும் கட்டுப்பாடு என்ன தெரியுமா? கத்தி, கத்திரிக்கோல், குறடு போன்றவற்றை மென்னிரும்பில் அடித்துவிட்டு அவற்றை எஃகு என்று விற்கக்கூடாது, அது மோசடி என்பதுதான். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அவர் பட்டியலிட்ட குறடும் கத்தியும் இன்று ஒரே கைப்பிடியில் சேர்ந்து மல்டி டூலாகிவிட்டன. மோசடி அப்படியே இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டும் ஆலிமிடம் மட்டும் 'உமக்கு என்ன வேலை?' என்று கேட்கிறார்கள்.

நம் மண்ணுக்கும் இதில் ஓர் உரிமை உண்டு. சேலத்தை ஒட்டிய கஞ்சமலையின் இரும்புத் தாது பழங்காலந்தொட்டுப் பெயர் பெற்றது. மூசையில் உருக்கி எஃகு செய்யும் தென்னிந்தியக் கலையில் சேலம் வட்டாரத்துக்கு முக்கிய இடம் இருந்தது. இந்திய எஃகினாலான வாளை அரபுகள் 'முஹன்னத்' என்று அழைத்தனர். கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் பெருமானாரின் திருமுன் பாடிய 'பானத் சுஆத்' கவிதையில் அச்சொல் இடம்பெற்றிருக்கிறது. நபியின் சபையில் உவமையாகும் தகுதி பெற்ற எஃகு செய்த நாட்டில், அதே எஃகுக் கலை வளர்ந்த மாவட்டத்தில், இன்று முலாம் பூசிய தகரத்தை எஃகென்று நம் பிள்ளைகள் வாங்குகிறார்கள். வெட்கப்பட வேண்டியது யார்?

இரண்டாம் கூற்று: மலிவு எளிமையாகுமா?

எளிமை வேறு, ஏமாறுதல் வேறு. ஒரு கணக்குப் பார்ப்போம். 350 ரூபாய்க்கு வாங்கிய மல்டி டூல் நான்கு மாதத்தில் திருகாணி கழன்று வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு மூன்று, ரூ. 1,050. ஐந்தாண்டுகளில் ரூ. 5,250. பதினைந்து உடைந்த கருவிகள் குப்பைக்குப் போயிருக்கும். பயன்தராமல் அழியும் பொருளுக்குச் செலவிடுவதற்குத்தான் வீண்விரயம் என்று பெயர். விலை குறைந்தது என்பதால் விரயம் எளிமையாகிவிடாது.

பணம்கூடப் போகட்டும். இதில் உண்மையில் பணயமாக இருப்பவை உழைப்பாளியின் விரல்கள். மல்டி டூலின் கத்தி, விரித்த பின் தானே மடங்காதவாறு பூட்டிக்கொள்ள வேண்டும். தரமானவற்றில் அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று பக்கவாட்டில் வந்து தடுத்து நிற்கும். அதைக் கட்டை விரலால் ஒதுக்கினால்தான் கத்தி மடியும். மலிவுப் பொருள்களில் இந்தப் பூட்டு இருக்காது, இருந்தாலும் அழுத்தம் தாங்காது. தார்ப்பாய்க் கயிற்றை அறுக்கையில் அலகு பின்னோக்கி மடிந்தால் அது வெட்டுவது ஆட்காட்டி விரலைத்தான். அப்படிக் காயம்பட்ட மாணவர் ஒருவர் மாலை வகுப்பில் முஸ்ஹஃபின் பக்கத்தைக் கட்டுப்போட்ட விரலால் புரட்ட இயலாமல் தடுமாறியதை நாம் கண்டிருக்கிறோம். 350 ரூபாயில் மிச்சம் பிடித்தது என்ன?

போலிப் பெயர் பொறித்த பொருள் இன்னொரு பாவத்தையும் சுமந்து வருகிறது. 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று கௌரவமாக அழைத்தாலும் அது பொய்யே. தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்கள், மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று அறிவித்ததை அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக முஸ்லிம் நூலில் அறிகிறோம். மேலே பளபளப்பும் உள்ளே மென்னிரும்பும் உள்ள கருவி, அந்த ஈரத் தானியக் குவியலன்றி வேறென்ன? நாட்டின் சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டப்படி, பிறரது சின்னத்தைப் பொய்யாகப் பொறித்த பொருளை விற்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கடையின் கல்லாவுக்கு மேலே 'ஹாதா மின் ஃபள்லி ரப்பீ' என்று எழுதி மாட்டிவிட்டு, கல்லாவுக்குக் கீழே போலிச் சரக்கை அடுக்கி வைத்திருக்கும் நம் வணிகச் சகோதரர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

எவ்வாறு பார்த்து வாங்குவது?

குறை சொல்வதோடு நிறுத்திக்கொள்வது அறிவுரையாகாது. எனவே வாங்குவோர் கடையில் நின்றபடியே பார்க்கக் கூடியவற்றைக் கூறுகிறோம்.

முதலில் எஃகு. சேலம் உருக்காலை 1980களின் தொடக்கத்திலிருந்து ஸ்டெயின்லெஸ் தகடு தயாரிப்பதால், நம் மாவட்டத்தில் 'எவர்சில்வர்' பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு: காந்தம் ஒட்டாததே நல்லது என்பார்கள். பாத்திரத்தைப் பொறுத்தவரை அது ஓரளவு பொருந்தும். பாத்திரத்துக்கான 304 வகை எஃகில் ஏறக்குறைய 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. கரிமம் மிகக் குறைவு. துரு ஏறாது, ஆனால் தோய்ச்சல் போட்டு அதைக் கடினமாக்க இயலாது. கத்திக்கும் குறட்டுக்கும் வேண்டியது 420 போன்ற வகை. அதில் கரிமம் கூடுதல், குரோமியம் 12 முதல் 14 விழுக்காடு. காய்ச்சித் தோய்த்தால் கடினமாகும், கூர் நிற்கும், காந்தமும் ஒட்டும். ஆகவே கத்தி அலகில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அதைப் பாராட்டாதீர்கள்; பாத்திரத் தகட்டில் வெட்டிய கத்தியாக இருக்கக்கூடும். காந்தம் ஒட்டுவது மட்டுமே தரத்துக்குச் சான்றாகாது. மென்னிரும்பிலும் காந்தம் ஒட்டும். பழைய கொல்லர்களின் சோதனை இன்றும் செல்லும்: கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் அரத்தை வைத்து ஓர் இழுப்பு. அரம் வழுக்கிச் சென்றால் தோய்ச்சல் ஏறியிருக்கிறது. கடித்து உராய்ந்தால் மென்னிரும்பு.

இரண்டாவது குறடு. அதை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நுனி இரண்டும் சரியாக ஒன்றின் மேல் ஒன்று அமர வேண்டும், பக்கவாட்டில் விலகக்கூடாது. கம்பி வெட்டும் பகுதியில் வெளிச்சம் ஊடுருவக்கூடாது. ஒரு தாளை வைத்து நறுக்கிப் பார்த்தால் ஒரே வெட்டில் துண்டாக வேண்டும்.

மூன்றாவது பூட்டு. கத்தியை விரித்து, கூர்ப்பக்கத்தில் விரலை வைக்காமல், அலகின் முதுகை மரப்பலகையில் மெல்ல அழுத்துங்கள். அசைந்தாலோ மடிந்தாலோ அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நான்காவது மூட்டுகள். தட்டிச் சப்பையாக்கிய ஆணியைவிட, இறுக்கவும் தளர்த்தவும் கூடிய திருகாணி மேல். ஒரு கருவியை விரித்தால் அது மட்டும் வர வேண்டும். பக்கத்திலுள்ள நான்கும் சேர்ந்து வந்தால் அது கைக்கு ஆபத்து.

ஐந்தாவது உறை. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், இறக்குமதியான பொருளாயின் எந்த நாட்டில் தயாரானது என்பதும், அதிகபட்ச சில்லறை விலையும் உறையில் இருக்க வேண்டும். முகவரியே இல்லாத பொருளுக்கு உத்தரவாதம் யாரிடம் கேட்பீர்கள்? பில்லும் கேட்டு வாங்குங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பணிக்கும் மிக நீண்ட வசனத்தை (2:282) ஓதுகிற சமூகம் பில் கேட்கக் கூச்சப்படுவது முரண்பாடு.

விலையுயர்ந்ததே சிறந்தது என்பதும் பிழை

மறுபுறம் ஓர் எச்சரிக்கையும் தேவை. பல ஆயிரம் ரூபாய்க்கு வெளிநாட்டுக் கருவி வாங்கி, ஒரு திருகாணியும் திருகாமல் இடுப்பில் தொங்கவிட்டுத் திரிவதும் நோயே. அந்தக் கருவி எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். அமெரிக்காவைச் சேர்ந்த டிம் லெதர்மேன் 1975இல் மனைவியுடன் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். வண்டி அடிக்கடி மக்கர் செய்தது. கையில் மடக்குக் கத்தி இருந்தது, குறடு இல்லை. அந்தக் குறையிலிருந்து பிறந்த எண்ணத்தை விற்பனைக்குக் கொண்டுவர அவருக்கு 1983 வரை ஆயிற்று. அதற்கு முன்பே சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்ஸனர் 1884இல் பட்டறை தொடங்கி, 1897இல் இன்று உலகறிந்த மடக்குக் கத்தியை உருவாக்கினார். இரண்டும் தேவையிலிருந்து பிறந்தவை, பெருமைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எனவே தேவையைக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு என்றால், நல்ல குறடும் திருப்புளியும் பூட்டுள்ள கத்தியும் போதும்; இருபத்தொரு பயன் என்று அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. லாரி ஓட்டுநருக்கு அதுவே சற்று வலுவானதாக இருக்கட்டும். கால் கிலோ எடைக்குமேல் போனால் அது இடுப்பில் தங்காது, இருக்கைக்கு அடியில் போய்விடும். மின்சார வேலைக்கு மல்டி டூலை ஒருபோதும் எடுக்காதீர்கள். அதன் கைப்பிடி வெறும் உலோகம். மின் வேலைக்கென 1000 வோல்ட் குறியிட்ட காப்புக் கைப்பிடிக் கருவிகள் தனியே உண்டு. தன் கையாலேயே தன்னை அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்ற இறைக்கட்டளை (2:195) மின்கம்பிக்கும் பொருந்தும்.

மூன்றாம் கூற்று: 'பையனுக்கு இது ஒன்று போதும்'

இங்கேதான் நாம் பட்டறை முதலாளிகளோடு நேருக்கு நேர் பேச வேண்டியிருக்கிறது. மல்டி டூல் வழித்துணையே தவிரத் தொழிற்கருவி அன்று. அதன் குறட்டால் போல்ட்டைத் திருகினால் நட்டின் மூலை தேயும். பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. அதன் திருப்புளியில் முழு பலத்தைக் கொடுத்தால் மூட்டு வளையும். கடினமான ஸ்பிரிங் கம்பியை வெட்டினால் வாய் உடையும். கூண்டு கட்டும் பட்டறையில் நாளெல்லாம் நிற்கும் இளைஞனுக்கு வேண்டியது நல்ல கட்டிங் பிளேயர், ரிங் ஸ்பேனர் செட், திருப்புளிகள், சுத்தியல், அரம், கண்ணாடி, கையுறை. இவற்றை நம் நாட்டிலேயே ஜலந்தரிலும் நாகௌரிலும் நாசிக்கிலும் தரமாகச் செய்கிறார்கள். அயல்நாட்டு மல்டி டூல் ஒன்றின் விலைக்குள் ஒரு நல்ல பெட்டியே நிரம்பும்.

இதை வாங்கித் தராமல், மலிவு மல்டி டூல் ஒன்றைக் கையில் திணித்து, அது உடைந்தால் வாரக் கூலியில் பிடித்துக்கொள்ளும் முதலாளிகள் இருக்கிறார்கள். ஜும்ஆவில் முதல் வரிசையில் அமர்பவர்களும் அவர்களுள் உண்டு. அவர்களுக்கு மார்க்கச் சட்டத்தை நினைவூட்டுகிறோம். ஒருவரிடம் மட்டும் கூலிக்கு வேலை செய்பவரின் கையில் இருக்கும் பொருள் அமானிதம். அவர் வரம்பு மீறினாலோ கவனக்குறைவாக நடந்தாலோ அன்றி, வழக்கமான வேலையில் உடைந்ததற்கு அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. இது நம்மில் பலர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் தெளிவான சட்டம். 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமும், தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு மட்டுமே, அதுவும் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பின்னரே, பிடித்தம் செய்ய இடமளித்தது. தரமற்ற கருவி தரமின்மையால் உடைந்ததற்குத் தொழிலாளியின் கூலியைப் பிடிப்பது எந்தச் சட்டத்திலும் நிற்காது. மஹ்ஷரில் எவ்வாறு நிற்கும்?

பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், அவர்களின் சக்திக்கு மீறியதைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் அவர்களுக்கு உதவுங்கள் என்பது அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. பட்டறையில் அந்த உதவியின் பெயர் சரியான ஸ்பேனர். 'நான் சேர்ந்த காலத்தில் எனக்கு யார் வாங்கிக் கொடுத்தார்கள்?' என்று கேட்கும் முதலாளி, தாம் பட்ட துன்பத்தை அளவுகோலாக்குகிறார். அளவுகோல் நபிவழியாக இருக்கட்டும்.

கத்திக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு

மல்டி டூல் வைத்திருக்கும் இளைஞர்களுக்கும் சில சொற்கள். உருவிய வாளைக் கைமாற்றுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். எனவே கத்தியை மடக்கிய பின்னரே பிறரிடம் கொடுங்கள். பள்ளிவாசலுக்குள் அம்புகளோடு வந்தவரிடம் அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். சஜ்தாவில் பக்கத்தவரின் விலாவில் உங்கள் இடுப்புக் கருவி இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்கும் இரும்பைச் சகோதரன் பக்கம் நீட்டாதீர்கள். குர்பானிக்கு இதன் கத்தியை எடுக்கவே கூடாது. அறுக்கும்போது கத்தியைக் கூராக்கி, பிராணிக்கு வேதனையைக் குறைக்குமாறு ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் பணிக்கிறது. கயிறும் அட்டையும் அறுத்து மழுங்கிய மூன்று அங்குல அலகு அதற்கு உரியதன்று. உம்ராவுக்குச் செல்வோர் இதைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள். வீட்டிலேயே வைத்துச் செல்லுங்கள், அல்லது சரக்கில் போடும் பெட்டியில் வையுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நமது கோரிக்கை

'அல்மாஊன்' எனும் அத்தியாயம், தொழுதுகொண்டே அற்பப் பொருளைக்கூடக் கொடுத்துதவ மறுப்போரைக் கண்டிக்கிறது. அந்த 'மாஊன்' என்பது மக்கள் தமக்குள் இரவல் வாங்கிக்கொள்ளும் கோடரி, பானை, வாளி போன்றவை என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கினார்கள். இன்றைய கோடரியும் வாளியும் ஸ்பேனர் செட்டும் டிரில் மெஷினும்தான். ஒவ்வொரு மஹல்லாவும் ஒரு பொதுக் கருவிப் பெட்டி வைத்து, பதிவேட்டில் எழுதி இரவல் கொடுத்தால் என்ன? ஆண்டுக்கு இருமுறை மட்டும் தேவைப்படும் கருவியை ஒவ்வொரு வீடும் மலிவு விலையில் வாங்கிக் குப்பையில் போட வேண்டிய அவசியமே எழாது.

அடுத்தது ஸகாத். தொழில் தெரிந்த ஏழைக்கு அவர் தொழிலுக்குரிய கருவிகளை வாங்கும் அளவு ஸகாத்திலிருந்து கொடுக்கலாம், அதன் விலை குறைவாயினும் அதிகமாயினும் சரி என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'அல்மஜ்மூஉ' நூலில் எழுதுகிறார்கள். ஹனஃபி முறையில், அவர் ஸகாத் பெறத் தகுதியுள்ளவராக இருந்து, பெட்டியை அவருக்கே உரிமையாக்கிக் கொடுத்துவிட்டால் அதுவும் நிறைவேறும். அப்படியிருக்க ரமளான் வந்தால் 500 ரூபாய்த் தாள்களுக்காக நம் மக்களை ஏன் வரிசையில் நிறுத்துகிறோம்? அத்தொகைகளைச் சேர்த்தால் ஆண்டுக்குச் சில இளைஞர்களுக்காவது முழுமையான கருவிப் பெட்டி கொடுக்க முடியும். 500 ரூபாய் பெருநாளோடு தீர்ந்துவிடும். நல்ல ரிங் ஸ்பேனர் செட் அவன் திருமணத்துக்குப் பிறகும் சோறு போடும். அடுத்த ரமளானில் அவன் வரிசையில் நிற்க மாட்டான். இன்ஷா அல்லாஹ், ஒருநாள் கொடுப்பவனாக வருவான்.

இதற்கு மஸாயில் தடையில்லை, பணமும் தடையில்லை. வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் படமெடுத்து அனுப்ப இயலும், பட்டறையில் ஒருவன் தன் கருவியோடு நிமிர்ந்து நிற்பதைப் படமெடுக்க நமக்குத் தோன்றுவதில்லை என்பதே தடை.

ஆகவே நாம் வேண்டுவது மூன்று. விற்பவர் மென்னிரும்பை எஃகென்று விற்காதிருக்கட்டும். வாங்குபவர் அட்டையில் உள்ள பெயரை நம்பாமல் அலகையும் பூட்டையும் பார்த்து வாங்கட்டும். வேலை வாங்குபவர் தம் தொழிலாளிக்கு உரிய கருவியைத் தாமே வாங்கித் தரட்டும். தாவூத் (அலை) அவர்களின் கையில் இரும்பை மென்மையாக்கிய இறைவன், உழைப்பாளியின் விஷயத்தில் இறுகிப்போன நம் உள்ளங்களையும் மென்மையாக்குவானாக! நம் பிள்ளைகளின் கைகளையும் கண்களையும் பாதுகாத்து, அவர்களின் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.